தரை ஓடுகள் ஏன் திடீரென மேலெழுகின்றன?

மாணவர்களே, யாரும் மிதிக்காத தரை ஓடுகள் 'டப்' என்ற சத்தத்துடன் கூரைபோல் எழும்பி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பாடாங் மேஹா போன்ற தோட்டப் பகுதிகளில் பழைய சிமெண்ட் தரைமீது பீங்கான் ஓடு பதிக்க விரும்பும் குடும்பங்கள் உண்டு. ஓட்டின் நிறத்தில் காட்டும் அக்கறையை அடித்தரையிலும் காட்டினால்தான் செலவழித்த பணம் நிலைக்கும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

புதிய கான்கிரீட் காயும்போது ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சுருங்கும். 6 மீட்டர் கூடத்தில் இது 3 மில்லிமீட்டர். சூளையில் சுட்ட ஓடோ அப்படிச் சுருங்காது. ஈரத்தை உறிஞ்சிச் சற்றே விரியவும் செய்யும். அதனால் ஓடுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. வெப்பம் தணியும்போதும் கான்கிரீட் ஓட்டைவிட அதிகமாகச் சுருங்குவதால் நெருக்கம் கூடுகிறது. பிடிப்பு குறைந்த இடத்தில் ஓடு மேலெழுகிறது.

எனவே, புதுத் தரையைக் குறைந்தது 28 நாட்களாவது விட்டுவைக்க வேண்டும். முழுதாகக் காய இன்னும் அதிக நாள் ஆகும். சுவரோரம் 6 மில்லிமீட்டர் இடைவெளியும் தேவை. அதில் சிமெண்ட் நிரப்பாமல், நெகிழும் சிலிக்கோன் இடலாம்.

பழைய தரைக்கு நான்கு சோதனைகள்

1. ஒலி: நாணயத்தால் தட்டுங்கள். வெற்றொலி கேட்டால் அங்கே பூச்சு பெயர்ந்துள்ளது. அதை உடைத்தெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

2. நீர்த்துளி: நீர் உறிஞ்சப்படாமல் முத்தாக நின்றால் எண்ணெய், மெழுகு அல்லது சாயம் படிந்துள்ளது. பசை ஒட்டாது, சுரண்டி நீக்க வேண்டும்.

3. ஈரம்: 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் தரையோடு ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்திவலை தோன்றினால் மண்ணின் ஈரம் மேலேறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை ஏற்றம்தான் இது. முதலில் ஈரத்தடுப்புப் பூச்சு தேவை.

4. சமதளம்: 3 மீட்டர் நேர்க்கட்டையை வைத்துப் பாருங்கள். பள்ளம் 6 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பெரிய ஓடுகளுக்கு 3 மில்லிமீட்டரே எல்லை. பள்ளத்தைப் பசையால் அல்ல, சமன்படுத்தும் கலவையால் நிரப்ப வேண்டும்.

எச்சரிக்கை: கான்கிரீட்டைத் தேய்க்கும்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது, வெறுங்கையால் தொடாதீர்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டு ஓடுகளை நாணயத்தால் தட்டி, வெற்றொலி தருபவற்றில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். அவை வாசலருகிலா, குளியலறையோரமா, கூடத்தின் நடுவிலா? காரணம் என்னவாக இருக்கும்?