பூனைக்கு லுகேமியா பாசிட்டிவ் வந்தால்

கிளினிக்கில் சில சொட்டு ரத்தத்தை விட்டுப் பார்க்கும் லுகேமியா வைரஸ் டெஸ்ட் கிட்டில் இரண்டாவது கோடு விழுந்ததுமே, பூனையைக் கருணைக் கொலை செய்துவிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு கோட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

முதல் வேலை, மறுபடி டெஸ்ட் செய்வது. கிட் தேடுவது பி27 என்ற வைரஸ் புரதத்தை. நலமாகத் திரியும் பூனையில் தவறான பாசிட்டிவும் வரும். அதனால் ஆய்வகத்தில் பி.சி.ஆர். கேளுங்கள், சில வாரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். சில பூனைகளின் உடல் வைரஸை ரத்தத்தில் சுற்றவிடாமல் அடக்கிவிடும். அவை பல ஆண்டு நன்றாக வாழும். அடக்க முடியாத பூனைகளுக்குத்தான் ரத்தசோகை, லிம்போமா புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்து அதிகம். புதிதாகத் தொற்றிய பூனைக்கு ஒரு மாதம் வரை நெகட்டிவ் காட்டலாம் என்பதால், தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டியையும் இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

முடிவு தெரியும்வரை தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தொட்டி. ஒன்றையொன்று நக்குவது, கடிப்பது, தாயிடம் பால் குடிப்பது ஆகியவற்றால்தான் இது பெரும்பாலும் பரவுகிறது. வெளியே சில மணி நேரத்துக்கு மேல் வைரஸ் தாங்காது, சோப்பே போதும். மனிதருக்கும் நாய்க்கும் தொற்றாது, குழந்தைகள் உள்ள வீட்டிலும் பயமின்றி வைத்திருக்கலாம்.

அடுத்தது தடுப்பூசி. இங்குதான் குழப்பம் அதிகம். நம் ஊரில் வழக்கமாகப் போடும் ட்ரைகேட் ஊசியில் லுகேமியாவுக்கான மருந்து கிடையாது. அது தனி ஊசி, கிடைக்குமா என்று டாக்டரிடம் முன்பே விசாரியுங்கள். நெகட்டிவ் பூனைக்கு எட்டு வார வயதிலிருந்து, 3 அல்லது 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ், ஓராண்டில் பூஸ்டர். பாசிட்டிவ் பூனையோடு வாழும் பூனைக்கு ஆண்டுதோறும் வேண்டும். ஆனாலும் இது முழுப் பாதுகாப்பு இல்லை, பிரித்து வைப்பதைக் கைவிடாதீர்கள்.

ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு லுகேமியா ஊசியால் பயனே இல்லை. அதற்காக மற்ற ஊசிகளை நிறுத்திவிடுவது பெரிய தவறு. எதிர்ப்புச் சக்தி குறைந்த அதற்குத்தான் ரேபிஸ் ஊசியும் ட்ரைகேட் தடுக்கும் மூன்று நோய்களுக்கான ஊசியும் அதிகம் தேவை. கிடைத்தால், உயிருள்ள வைரஸுக்குப் பதில் செயலிழக்கச் செய்த வகையைக் கேளுங்கள்.

ஊசியைத் தோள்களுக்கு நடுவில் போடாமல் காலின் கீழ்ப்பகுதியில் போடச் சொல்லுங்கள். அபூர்வமாக ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வரும், காலில் வந்தால் அறுத்து அகற்ற வழி உண்டு. கட்டி மூன்று மாதம் கரையாவிட்டாலோ, 2 செ.மீ.க்கு மேல் போனாலோ, ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ பயாப்ஸி செய்ய வேண்டும்.

பிறகு அன்றாடப் பராமரிப்பு. கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே வளர்க்கவும். பச்சை மீன், பச்சை இறைச்சி கூடாது, வேகவைத்தே கொடுங்கள். தெள்ளுப்பூச்சி மருந்தும் குடற்புழு மருந்தும் தவறக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை, பற்கள், ரத்த அணுக்கள் பார்க்க வேண்டும். ஈறு வெளுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் இருந்தாலோ மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். புதிய டாக்டர் ஸ்டீராய்டு எழுதினால், இது லுகேமியா பூனை என்று சொல்லிவிட்டு, அது அவசியம்தானா என்று கேளுங்கள்.