கைகாட்டி மரமும் அம்புக்குறியும்

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழ்மொழிக் கழக ஆண்டிதழில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். மலைபடுகடாம் இருக்கிறது என்பதே என் பதில்.

முதலில் விளையாட்டைக் காண்போம். 2002-இல் வெளிவந்த ‘மொரோவிண்ட்’ விளையாட்டில் இலக்கைக் காட்டும் அம்புக்குறி திரையில் கிடையாது. ஊராரிடம் வழி கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது குறிப்பேட்டில் பதிவாகும். பாதை பிரியுமிடத்தில் கைகாட்டி மரம் நிற்கும். அருகில் சென்று ஊர்ப்பெயரைப் படித்தறிய வேண்டும். சொல்லப்படும் வழி சில வேளைகளில் தவறாகவும் இருக்கும்! அதே நிறுவனத்தின் ‘ஒப்ளிவியன்’ (2006) திசைகாட்டியிலேயே இலக்கைக் குறித்துக் காட்டியது. ‘ஸ்கைரிம்’ (2011) அதைப் பின்பற்றியது. ஸ்கைரிமின் சந்திகளிலும் மரப்பலகைகள் உண்டு. அவற்றைப் படிப்பவர் யார்? முதன்முறை ஆடியபோது நான் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. குறியைப் பாராமல் ஆடலாமே என்பீர்கள். பல பணிகளில் போக வேண்டிய இடத்தை எவரும் சொல்லால் விளக்குவதில்லை. குறியை விட்டால் வேறு கதியில்லை.

இனி மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். (உரையின் துணையோடுதான் படித்தேன்.) நன்னனிடம் பரிசில் பெற்றவன், பெறப் போகும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். தினைப்புனத்தைப் பன்றி அழிக்காதிருக்க வழியில் கற்பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். கவர்த்த வழிகளில் ஊர்ப்பெயர் பொறித்த கடம்ப மரங்கள் நிற்கும் என்றும் கூறுவதாகப் பொருள் கொள்வர். நம் இலக்கியத்தின் கைகாட்டி மரம் இதுதான் எனலாம்.

என்னை வியக்க வைத்தது வேறோர் அறிவுரை. சந்தியை அடைந்தால் புல்லை முடிந்து போட்டுவிட்டுச் செல்லுங்கள் என்கிறான், பின்னால் வருபவர் வழி தவறாதிருக்க. ‘டார்க் சோல்ஸ்’ (2011) விளையாட்டில், முன்னே சென்றவர் தரையில் எழுதி வைக்கும் குறிப்புகள் முகமறியாத பிற ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். அதுவும் புல் முடிச்சேயன்றி வேறென்ன?

சென்ற விடுமுறையில் கிள்ளான் ரயில் நிலையத்தில் ஓர் அம்மா லிட்டல் இந்தியாவுக்கு வழி கேட்டார். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த நான் கைப்பேசியைத் தேடினேன். உடனிருந்த தாத்தா, “இப்படியே நடந்து போங்கம்மா. மாலைக்கடை வாசம் வந்தா அதான் தெங்கு கெலானா ரோடு” என்றார். மைல்கற்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும், பழைய கிள்ளான் சாலையை இன்னமும் நாலாங்கட்டை, ஐந்தாங்கட்டை என்றே சொல்பவர் அவர். அந்தக் கட்டைகள் எங்கெங்கே நின்றன என்று அன்று மாலைதான் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.