முழங்கை வலியும் மின் தூண்டல் சிகிச்சையும்

கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால் திருவண்ணாமலைக் கடைக்காரருக்கு ஓய்வு ஏது? சிப்பம் சிப்பமாக அரிசி இறங்கும். எண்ணெய் டின்னும் வெல்ல மூட்டையும் கூடவே வந்து சேரும். லோடுமேன் வராத நாளில் முதலாளியே தோள் கொடுக்க வேண்டியதுதான். அந்த நாட்களில் நம்மில் பலருக்கு முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் ஒரு வலி பிடித்துக்கொள்கிறது. காபி டம்ளரைத் தூக்கினாலும் ஷட்டர் பூட்டில் சாவியைத் திருகினாலும் சுளீர் என்கிறது. மருத்துவர்கள் இதை 'டென்னிஸ் எல்போ' என்பார்கள்.

சச்சின் டெண்டுல்கர் 2004இல் இதே வலியால் அவதிப்பட்டு, 2005இல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் இந்த வலி வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே அறியாதவர்கள். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் ஒரு தசைநாண் வழியாக முழங்கையின் வெளிமுனையில் ஒட்டியிருக்கின்றன. உள்ளங்கை தரையைப் பார்த்தபடி பொருளைத் தூக்கும்போதெல்லாம் பாரம் முழுவதும் அந்தச் சிறு இடத்தில் இறங்குகிறது. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இதற்கு ஊசியும் கத்தியும் இல்லாத வைத்தியமாக 'டென்ஸ்' என்ற சிறு கருவி விற்கப்படுகிறது. பேட்டரியில் ஓடும். பசையுள்ள இரண்டு பட்டைகளை வலிக்கும் இடத்தை ஒட்டித் தோலில் ஒட்டினால், விநாடிக்கு 80 முதல் 120 வரை மெல்லிய மின் துடிப்புகள் செல்லும். எறும்பு ஊர்வது போலிருக்கும். இதன் தத்துவத்தை 1965இல் மெல்ஸாக், வால் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். தீபத்தன்று கோயில் வாசலில் ஒரு கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவர் உள்ளே நுழைய முடியாதல்லவா? அதுபோலத் தொடு உணர்ச்சி முதுகுத்தண்டின் வாசலை நிரப்பிவிட்டால் வலிச் செய்தி மூளைக்குப் போவது குறைகிறது. அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவதும் இதனால்தான்.

சரி, வாங்கலாமா? இங்கிலாந்தில் 241 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனையும் உடற்பயிற்சியும். மற்றொரு பிரிவினருக்கு அவற்றோடு டென்ஸ் கருவியும், தினம் 45 நிமிடம். இரு பிரிவினருக்கும் வலி குறைந்தது. கருவியால் கூடுதல் பலன் தெரியவில்லை. கருவி கிடைத்தவர்களில் பலர் சொன்னபடி அதைப் பயன்படுத்தவும் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஓடும் நேரத்தில் வலியை மட்டுப்படுத்தும், தசைநாணை ஆற்றாது. வலி தெரியவில்லை என்று உடனே மூட்டையில் கை வைத்தால் பழைய கதைதான். ஆகவே சொந்தமாக வாங்குவதற்கு முன், பிசியோதெரபி பிரிவில் நாலு தடவை வைத்துப் பார்த்துவிடுவது லாபம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைத் தொடவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. சர்க்கரையால் தோல் மரத்துப்போனவர்களுக்குப் புண்ணாவதே தெரியாது.

"சீசன் முடியட்டும், இப்போதைக்கு ஒரு ஊசி போடுங்கள்" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல சுகம் தரும். ஆனால் ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம். வெற்று ஊசி போட்டவர்களில் 12 சதவீதம்தான். நம் கணக்கில் இது கந்து வட்டிக்குக் கடன் வாங்குவது போல. சர்க்கரைக்காரருக்குச் சில நாள் சர்க்கரையும் ஏறும்.

கைகண்டது செலவில்லாத பயிற்சிதான். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். மற்றக் கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, மெல்ல மெல்லத் தானாக இறக்குங்கள். பத்துப் பத்தாக, பல வாரங்கள். சிப்பத்தைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் குணமாகிவிடுகிறது.

விரல்கள் மரத்துப்போனாலோ வலி கழுத்திலிருந்து இறங்கினாலோ அது வேறு நோய், மருத்துவரிடம் காட்டுங்கள். கை வலியோடு மார்பு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு 108ஐ அழைக்க வேண்டும்.