எழுதாமல் போன கதை

சயாம் மரண ரயில் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா?

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942-இல் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடத் தொடங்கியது. சயாம்தான் இன்றைய தாய்லாந்து. பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். பெங்களூரு - சென்னை தூரத்தைவிட அதிகம்! மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்களை ஆயிரம் ஆயிரமாய்க் கொண்டு போனார்கள். காட்டில் காலரா, பட்டினி, அடி. பல ஆயிரம் பேர் திரும்பவே இல்லை.

வெள்ளைக்காரக் கைதிகளும் அங்கே வேலை செய்தார்கள். தப்பியவர்கள் புத்தகம் எழுதினார்கள். 1957-இல் அவர்கள் கதை சினிமாவாகவும் வந்தது.

தோட்டத் தமிழர் பலருக்கு எழுதத் தெரியாது. பிள்ளைகளிடம் வாயால் சொன்னார்கள். அதுவும் எல்லோரும் சொல்லவில்லை.

பல ஆண்டுகள் கழித்து மலேசியாவில் சிலர் கேமராவோடு அவர்களைத் தேடிப் போனார்கள். கேமராவுக்கு எழுத்து வேண்டாம். பேசினால் போதும். முதியவர்கள் பேசினார்கள். ஆவணப்படங்கள் வந்தன. அதற்குள் பலர் சொல்லாமலே போய்விட்டார்கள்.