அந்த வயரை வெட்டிப் போடுங்கள்: மாடம்பாக்கம் வட்டாரத்துக்கு வடகிழக்குப் பருவமழை ஆலோசனை

புரட்டாசி முடியப்போகிறது. பகல் வெயில் இன்னும் சுடுகிறது, சாயங்காலம் மேற்கே இடி உருமுகிறது. சீக்கிரமே காற்று திரும்பிவிடும். அதன் பிறகு டிசம்பர் கடைசி வரை நமக்கு நிச்சயம் என்று ஒன்றும் கிடையாது.

பழைய கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் மரங்களோடு மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் வந்தது. ஒவ்வொரு முறையும் மழை விட்ட பிறகுதான் உண்மையான அவதி தொடங்கியது. தண்ணீர் வடியாத தெருக்களில் கரண்ட் கொடுக்க முடியாது. கொடுத்தால் ஆள் சாவான். போன் செத்துவிடும், மோட்டார் ஓடாது, தெருவிளக்கு எரியாது. மூன்று நாள் கரண்ட் இல்லாமல் குடும்பம் நடத்தத் தயாராக இருக்கிறோமா என்பதுதான் இப்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

வழக்கமான வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்த இலையை எடுங்கள். மேல்தொட்டியை நிரப்பியே வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். போன மழையில் நம் தெருக்களில் வீணானவற்றில் பாதி, படிக்கட்டுக்கு அடியில் தரையோடு வைத்த பேட்டரிகள்தான். ரேஷன் கார்டு, ஆதார், பத்திர நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பதினைந்து நாள் மாத்திரை கையிருப்பு வேண்டும். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிற வீட்டில் அதன் டெஸ்ட் பட்டனை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். டப்பென்று விழவில்லை என்றால் அது வெறும் பொம்மை, மாற்றுங்கள். அந்தக் கருவி இல்லாத வீடுகள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

இனி சோலார். மிக்ஜாமுக்குப் பிறகு நம் பக்கத்தில் பலர் சூட்கேஸ் அளவிலான பவர் ஸ்டேஷனும் மடக்குப் பேனலும் வாங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு தெரியாமல் வாங்கியவர்கள்தான் அதிகம். 500 வாட்-ஹவர் பெட்டி என்றால், உள்ளே வீணாவது போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 400. ஒன்பது வாட் எல்இடி விளக்கு இரண்டை ஐந்து மணி நேரம் எரித்தால் 90 போயிற்று. மூன்று போன்களுக்கு 60. பிஎல்டிசி ஃபேன் 30 வாட். ஆறு மணி நேரத்துக்கு 180. ஆக 330-ல் ஒரு ராத்திரி ஓடிவிடும். அதே இடத்தில் பழைய 75 வாட் ஃபேனைப் போட்டால் விடிவதற்கு முன்பே பெட்டி காலி.

மறுநாள் பேனல் நிரப்பிவிடும் என்று நம்பாதீர்கள். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 300, 400 வாட்-ஹவர் தரும். கார்த்திகை மூட்டத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. போன்களுக்குச் சரியாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் வெயில் இருக்கும் இந்த வாரமே பெட்டியை முழுக்க ஏற்றுங்கள். புயல் அறிவிப்பு வந்ததும் வீட்டுக் கரண்டில் மறுபடி நிரப்புங்கள். பேனலை மாடியில் கட்டிவைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். காற்றில் பறந்து அடுத்த வீட்டு ஜன்னலில் விழும். மடக்கி உள்ளே வையுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்கவும். ஐந்து லிட்டர் கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். இந்தப் பெட்டியில் ஒரு மணி நேரம்தான் தாங்கும். அவர்களை மழை தொடங்குவதற்கு முன்பே உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துப் போய்விட வேண்டும். நள்ளிரவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு 108-ஐக் கூப்பிட்டால் அந்த வண்டிதான் எப்படி வரும்?

மாடியில் நிரந்தரமாக சோலார் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைத்ததால் நிறையப் பேர் போட்டீர்கள். "நம்ம வீட்ல சோலார் இருக்கு, கரண்ட் போனா கவலை இல்ல" என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். கவலை உண்டு. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு, தெருவில் கரண்ட் போன கணமே தானும் நின்றுவிடும். மாடி முழுக்க வெயில் அடித்தாலும் கீழே ஒரு விளக்கு எரியாது. அது பழுது அல்ல. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உங்கள் மாடிக் கரண்டில் சாகக்கூடாது என்பதற்காகவே அந்த இன்வெர்ட்டரை அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இயந்திரத்துக்கு இருக்கும் அந்த அறிவு நம்மில் சிலருக்கு இல்லை. இந்த ஆலோசனையை எழுத வைத்ததே அதுதான்.

இரண்டு முனையிலும் பின் வைத்த ஒரு வயரைச் செய்துகொள்கிறார்கள். ஒரு முனையைப் பவர் ஸ்டேஷனிலோ ஜெனரேட்டரிலோ செருகி, மறுமுனையைச் சுவர் பிளக்கில் செருகுகிறார்கள். வீடு முழுக்க விளக்கு எரிகிறது. பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. செய்யாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். சுவர் பிளக் கரண்டை எடுக்கும் இடம், கொடுக்கும் இடம் அல்ல. நீங்கள் அதில் கொடுப்பது வீட்டு வயரிங்கோடு நிற்காது. மெயின் வழியாக, மீட்டர் வழியாக, சர்வீஸ் வயரில் ஏறிக் கம்பத்துக்குப் போகும். அங்கே ஒருவர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, லைன் செத்துவிட்டது என்று நம்பி, நனைந்த கையோடு வேலை செய்துகொண்டிருப்பார். டிரான்ஸ்பார்மர் வரை போனால் இன்னும் மோசம். மேலிருந்து வரும் 11,000 வோல்ட்டை அது வீட்டுக் கரண்டாக இறக்குகிறது. கீழிருந்து ஏற்றினால் வீட்டுக் கரண்டை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும்.

இதைச் சொன்னால் வாதாட வருகிறார்கள். "சின்னப் பெட்டிதானே சார், தெரு லோடைத் தாங்காம டிரிப் ஆயிடும்." கம்பி முழுதாக இருந்தால் ஆகலாம். உங்கள் வீட்டுச் சர்வீஸ் வயர் அறுந்து வாசல் தண்ணீரில் கிடந்தால்? அப்போது அதில் தெரு லோடு எதுவும் இல்லை. பெட்டி பாட்டுக்கு ஓடும், அறுந்த முனையில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், பால் வாங்கப் போகிற பிள்ளை அதில் கால் வைக்கும். "மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுறோம்" என்பது அடுத்த வாதம். நீங்கள் தூங்கும்போது தெருவிளக்கு எரிவதைப் பார்த்த உங்கள் மாமனார் ஆசையாக மெயினைப் போட மாட்டாரா? போட்டால் இரண்டு கரண்டும் மோதிப் பெட்டி எரியும். அது லித்தியம் தீ, குடத்துத் தண்ணீருக்கு அடங்காது. இத்தனையும் போகட்டும். சுவரிலிருந்து அந்த வயர் நழுவி விழுந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் பின்னில் 230 வோல்ட் நிற்கிறது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைச் செய்கிறவர்களை என்னவென்று சொல்வது?

மறுபடியும் சொல்கிறேன்: பெட்டிக் கரண்ட் பெட்டியிலிருந்து எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு, போர்டிலிருந்து விளக்குக்கும் போனுக்கும் ஃபேனுக்கும். சுவருக்கு இல்லை. வீட்டு வயரிங்கில் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். அதையும் இப்போதே போடுங்கள், புயலன்று அவர் வர மாட்டார்.

தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே மெயினை இறக்குங்கள். உள்ளே புகுந்துவிட்டால் மெயினைத் தேடித் தண்ணீரில் நடக்காதீர்கள், வெளியேறுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அதோடு அவசர உதவிக்கு 112, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. நான்கையும் காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், போன் செத்ததும் எண்ணும் போயிற்று.

இருட்டு என்றதும் அடுத்த பயம் திருட்டு. கேம்ப் ரோட்டில் இறங்கி மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் நடந்து வரும் பெண்கள் தற்காப்பு பற்றி அதிகம் கேட்கிறார்கள். தற்காப்பு இரண்டு நாள் முகாமில் வராது. சிலம்பமோ கராத்தேவோ மாதக்கணக்கில் கற்க வேண்டியவை. பிள்ளைகளை இப்போதே சேர்த்துவிடுங்கள். மழைக்கு முன் வீட்டில் பழகக்கூடியது ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருவன் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தால் நான்கு விரல் ஒருபுறம், கட்டைவிரல் மறுபுறம் இருக்கும். அந்தப் பிடியில் பலவீனம் கட்டைவிரல் முனையும் மற்ற விரல் முனைகளும் சேரும் இடம். உங்கள் மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அந்த இடைவெளிக்குத் திருப்பி, முழங்கையை விலாவோடு சேர்த்து, உடம்போடு சட்டென்று இழுங்கள். நேராகப் பின்னால் இழுத்தால் வராது. விடுபட்டதும் அடிக்க நிற்காதீர்கள். கத்திக்கொண்டு வெளிச்சம் இருக்கும் வீட்டை நோக்கி ஓடுங்கள். வீட்டில் அண்ணன் தம்பியோடு இருபது தடவை செய்து பாருங்கள், கை தானாகப் பழகிவிடும்.

சங்கிலியைப் பறித்தால் விட்டுவிடுங்கள். பைக்கோடு இழுபட்டுத் தலையில் அடிபடும் அளவுக்குத் தங்கம் பெரிதல்ல. டார்ச்சை எதிராளியின் கண்ணில் அடித்தால் ஓடுவதற்கு நேரம் கிடைக்கும். ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கூடவே ஓர் எச்சரிக்கை. கரண்ட் இல்லாத இரவுகளில் திருடன் வந்தான், பிள்ளை பிடிப்பவன் வந்தான் என்று வாட்ஸப்பில் குரல் செய்திகள் சுற்றும். இளைஞர்கள் கம்போடு காவலுக்கு நிற்பார்கள். 2018 மே மாதத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன பல்லாவரத்து மூதாட்டி ஒருவர், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகப் போளூர் அருகே பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்நியரைக் கண்டால் விசாரியுங்கள், 112-க்குச் சொல்லுங்கள், கை வைக்காதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்றும், காவல்துறையை அழைக்க அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை கிடையாது என்றும் 37-ஆம் பிரிவு சொல்கிறது. பிடிபட்டவனைக் கட்டிவைத்து அடிப்பது தற்காப்பு ஆகாது.

கம்பு வைத்திருப்பது தப்பில்லை. தேங்கிய தண்ணீரில் நடக்கும்போது திறந்த மழைநீர்க் கால்வாய் எங்கே என்று தட்டிப் பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை. ஏரி ஓரத் தெருக்களில் பாம்பும் ஒதுங்கிப் போகும். ஆனால் அதே கம்பால் அறுந்து கிடக்கும் கம்பியை ஒதுக்கப் போகாதீர்கள். நனைந்த மூங்கிலில் கரண்ட் பாயும். தள்ளி நின்று, வருகிறவர்களைத் தடுத்து, மின்னகத்துக்குச் சொல்லுங்கள். தெரு முழுக்க இருட்டாக இருக்கிறதே, இந்தக் கம்பியில் கரண்ட் இருக்காது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தத் தெருவில் யார் வீட்டுச் சுவர் பிளக்கில் எது செருகியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அதனால் இதைப் படித்து முடித்ததும் வீட்டு டூல் பாக்ஸையும் பரணையும் திறந்து பாருங்கள். இரண்டு பக்கமும் பின் உள்ள வயர் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள். பக்கத்து வீட்டில் இருப்பது தெரிந்தால், மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை, போய்ச் சொல்லுங்கள்.