வேளைக்கு ஒரு விலை

மின்சாரத்தின் விலை வேளைக்கு வேளை மாறலாமா? மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைப்பது கடினம். தேவை உச்சத்தை எட்டும்போது கூடுதல் மின் நிலையங்களை இயக்க வேண்டும், செலவும் ஏறும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கோடையில் (மே–அக்டோபர்) வேலை நாட்களில் பகல் 11 முதல் 5 மணி வரை உச்ச விலை. குளிர்பதனக் கருவிகள் மிகுதியாக ஓடும் நேரம் அது. குளிர்காலத்தில் காலை 7–11, மாலை 5–7 மணிக்கே உச்ச விலை. வீடுகளில் விளக்குகளும் அடுப்புகளும் இயங்கும் வேளை அல்லவா!

2020 நவம்பர் முதல் குடும்பங்கள் அடுக்குக் கட்டண முறையையும் தேர்ந்துகொள்ளலாம். இதில் நேரக் கணக்கு இல்லை. மாதத்துக்குக் கோடையில் 600, குளிர்காலத்தில் 1000 யூனிட்டைத் தாண்டினால் மட்டுமே விலை கூடும்.

துணி துவைப்பதை இரவு 7 மணிக்குத் தள்ளக்கூடிய வீட்டுக்கு முதல் முறை சிக்கனம். நோயாளிக்காகப் பகலெல்லாம் குளிர்பதனக் கருவி ஓடும் வீட்டுக்கு, 600 யூனிட்டைத் தாண்டாதவரை, இரண்டாவது முறை மலிவாகலாம். ஆகவே பருவம் மாறும்போதெல்லாம் மீட்டரைப் பார்த்துப் புதிதாகக் கணக்கிடுவதே அறிவுடைமை.