மகளுக்கு முதல் மட்டக்குதிரை

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. குதிரையேற்றம் பழகி வருகிறாள். தோட்டத்தில் இடம் இருக்கிறது. ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் ஒரு குதிரைக்குட்டி வாங்கிக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே வளருமே என்று தோன்றுகிறது. சரியா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: குட்டி மட்டும் வேண்டாம் அம்மா. பழகாத பிள்ளையும் பழகாத குட்டியும் சேர்ந்தால் இருவருக்குமே ஆபத்து. 10 வயதைத் தாண்டிய, பல பிள்ளைகளைச் சுமந்து பழகிய மட்டக்குதிரையாகப் பாருங்கள். நன்றாகப் பராமரித்தால் 25 வயதுக்கு மேலும் வாழும். 12 வயது என்றால் கிழடு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரேக்ளா பந்தயத்தில் ஓடிய குதிரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தை அருமையான இடம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு குதிரையின் குணம் பிடிபடாது. பிடித்த குதிரை எந்த ஊர் என்று விசாரித்து, பிறகு அதன் லாயத்துக்கே போய்ப் பாருங்கள். அவிழ்த்துவிட்டிருக்கும்போது பிடிக்க நிற்கிறதா, நான்கு காலையும் தூக்கக் கொடுக்கிறதா, சேணத்து வாரை இறுக்கும்போது காதை மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறதா, லாரிச் சத்தத்துக்கு மிரள்கிறதா என்று கவனியுங்கள். முதலில் விற்பவர் ஏறி ஓட்டட்டும், பிறகு மகளின் பயிற்சியாளர், கடைசியில்தான் பிள்ளை. கால்நடை மருத்துவர் பல்லையும் கால்களையும் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கி வந்த குதிரையை ஒற்றையாய்க் கட்டினால் ஏங்கிப்போகும். ஒரு துணை வேண்டும். அது தின்று பழகிய தீவனத்தில் கொஞ்சம் விற்பவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும், அது உயிரையே வாங்கிவிடும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ உங்கள் பக்கம் ஆள் கிடைப்பாரா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.